நடுகல்லும் போர் நினைவுக்கல்லும்: பராமரிப்புக்குப் பொதுப்பணம் கொடுக்கலாமா?

மட்டுறுத்துநர்

பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் ஒருவர், தம் ஊர்ச் சாவடிச் சுவரில் பதித்துள்ள முதல் உலகப் போர் நினைவுக்கல்லின் படத்தைச் சென்ற வாரம் இங்கே வெளியிட்டு, இத்தகைய கற்களையும் வீரர்களின் கல்லறைகளையும் பராமரிக்க அரசு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த மறுப்புகள் பலவாக இருந்ததால் தனி இழையாகப் பிரித்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காணப்படும் பழைய நடுகற்களையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கட்சி அரசியலை வெளியே வைத்துவிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாலக்கோடு முன்னாள் படைவீரர்

படத்தைப் பார்க்காதவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன். ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பளிங்குக்கல். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இதே வாசகத்துடன் நாடு முழுவதும் பல ஊர்களில் பதிக்கப்பட்ட கற்களில் ஒன்று இது. எங்கள் கல்லில் சென்றவர்களின் எண்ணிக்கை படிக்கக் கிடைக்கிறது. திரும்பாதவர்களின் எண்ணிக்கை இருக்கும் இடத்தில், பல ஆண்டுகளாக ஒட்டிக் கிழிக்கப்பட்ட சுவரொட்டிகளின் பசை விரல் கனத்துக்கு இறுகிக் கிடக்கிறது.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் பணியில் இருந்தபோது இருமுறை சென்றிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரே உயரக் கற்கள், வரிசை பிசகாத புல்தரை, ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி. தோட்டக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, கல்லை ஒட்டி வளர்ந்த புல்லைக் கையரிவாளால் நறுக்கிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் அங்கே கல்லில் வேறுபாடு இல்லை. அந்த ஒழுங்குக்குப் பின்னால் நிற்பது ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய 6 நாடுகள், தத்தம் வீரர்களின் கல்லறை எண்ணிக்கைக்கு ஏற்பக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்துக்குப் பங்கு செலுத்துகின்றன. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தையும் நான் வணங்குகிறேன். ஆனால், தலைநகரில் நினைவகம் எழுப்பும் நாட்டில் சாவடிச் சுவரிலிருக்கும் ஒரு முழக் கல்லைத் துடைக்க ஆளில்லாமல் போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி தணிக்கையாளர்

ஐயாவின் உணர்வை மதிக்கிறேன், ஆனால் கோரிக்கையை எதிர்க்கிறேன். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், 'பராமரிப்பு' என்ற செலவினத் தலைப்பின் கீழ் என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். நினைவுச் சின்னம் கட்டும்போது மதிப்பீடு வரும், ஒப்பந்தப்புள்ளி வரும், திறப்பு விழா வரும். முதலாண்டு பராமரிப்புத் தொகை செலவாகும். மூன்றாம் ஆண்டில் அந்தத் தலைப்பில் செலவு இருக்கும், ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் கம்பிவேலி துருவேறிக் கிடக்கும், விளக்குக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். இதற்கெல்லாம் தணிக்கைத் தடை எழுதி எழுதி என் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். தொடர் செலவினம் என்பது, யார் செய்வார், எதை அளவாக வைத்துச் சரிபார்ப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் தொடங்கக் கூடாத ஒன்று.

அடுத்தது எனக்கு இதைவிட முக்கியமானது. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் எல்லையில் பணியில் இருக்கும்போது இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு திருத்தத்துக்காக 14 மாதங்கள் ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு மஞ்சள் பையில் அத்தனை தாள்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் எதைக் கேட்பார்கள் என்று தெரியாமல் என்னிடம் காட்டி அடுக்கச் சொல்வார். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். 1949 முதல் டிசம்பர் 7 அன்று கொடிநாள் வசூல் நடக்கிறது. அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போவதே முறை. அதிலிருந்து ஒரு ரூபாயைக் கல்லுக்குத் திருப்பினாலும் நான் ஏற்க மாட்டேன்.

முதல் உலகப் போர் யாருடைய போர் என்ற கேள்வியும் உண்டு. ஆள்பவன் அழைத்துப் போனான். அவன் வைத்த கல்லுக்கு நம் வரிப்பணம் ஏன்?

ஊத்தங்கரை தமிழாசிரியை

இருவருமே கல்லையும் குடும்பத்தையும் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கிறீர்கள். இந்த மண்ணில் அவை ஒரே தட்டில் இருந்தன என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஊருக்குள் புகுந்து மாட்டு மந்தையை ஓட்டிச் சென்றவர்களை எதிர்த்து, தொறு என்னும் அந்த மந்தையை மீட்டு, அந்தப் பூசலில் பட்டு மாண்டவனுக்கு எடுத்த கற்கள் நம் இரு மாவட்டங்களிலும் செங்கம் பகுதியிலும் செறிந்து கிடக்கின்றன. பல்லவர் காலத்து வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில், எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டில், யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்று மிகச் சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். கல்லைத் தேர்வதில் தொடங்கி நீரில் இட்டு, நட்டு, வழிபட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிநிலை வகுத்துச் சொல்கிறது. தகடூர் அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கும் வழக்கம் வருகிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நினைவுக்கல் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் அன்று.

தணிக்கையாளர் ஐயா கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி. போரில் பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. கன்னடக் கல்வெட்டுகளில் இதையே நெத்தரு கொடகி என்பார்கள். குருதிக்கு ஈடாகக் குடும்பத்துக்கு நிலம், பெயருக்கு ஈடாக ஊருக்குக் கல். ஒன்றைக் கொடுத்ததால் மற்றதை நிறுத்தவில்லை. மஞ்சள் பையோடு அலையும் அந்த அம்மாவின் உரிமையும் சாவடிக் கல்லும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்றுதான் நான் படிக்கிறேன்.

அரூர் உழவர்

ஆசிரியை அம்மா கல்லைப் பற்றி அழகாகச் சொன்னார். எங்கள் நிலத்தின் மேட்டில் அப்படி ஒரு கல் இருக்கிறது. வில்லும் வாளும் பிடித்த ஆள், காலடியில் மாடு. எங்களுக்கு அவர் வேடியப்பன். பங்காளிகள் சேர்ந்து பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுகிறோம், பிள்ளைகளுக்கு முடி இறக்குகிறோம். யாரிடமும் பணம் கேட்டதில்லை. அரசுப் பணம் வந்தால் அரசு ஆளும் வருவார். நீலப் பலகை நடுவார், சுற்றிக் கம்பி போடுவார், பூட்டுப் போட்டுச் சாவியைத் தருமபுரிக்குக் கொண்டு போவார். எண்ணெய் ஊற்றாதே, கற்பூரம் ஏற்றாதே என்பார். அதற்குப் பிறகு அது எங்கள் சாமி அல்ல, அவர்கள் சின்னம். சுற்றி 100 மீட்டருக்குக் கிணற்றடி அறை கூடக் கட்டக் கூடாது என்று சொல்வதையும் கேள்விப்பட்டிருக்கிறோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கும் நடுகற்களைப் பார்த்திருக்கிறேன். மழை படாமல் இருக்கலாம், ஆனால் எந்தக் குடும்பம் அவற்றுக்குப் பொங்கல் வைக்கிறது? ஆயிரம் ஆண்டுக்கு மேல் காத்தது கும்பிட்ட கை. பணம் வேண்டாம், எங்களை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஊத்தங்கரை தமிழாசிரியை

அரூர் அண்ணனுக்கு ஒரு தெளிவு. நீங்கள் கேள்விப்பட்ட 100 மீட்டர் தடை மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் செய்த திருத்தத்தில் வருவது. ராயக்கோட்டை மலைக்கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு உரியது. மாநிலத்துக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. வயல் மேட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் அறிவிக்கப்பட்ட சின்னமாக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

ஆனால், கும்பிட்ட கை காத்தது என்பதில் பாதிதான் உண்மை. எங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு வேடியப்பன் கோயிலுக்கு மாணவர்களோடு சென்றிருந்தேன். திருவிழாவுக்காகக் கல் முழுவதும் எனாமல் பெயின்ட் பூசியிருந்தார்கள். வீரனின் உடலுக்கு ரோஜா நிறம், வேட்டிக்குப் பச்சை, வாளுக்கு வெள்ளி நிறம். தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து இருந்திருக்கிறது. பெயின்ட் அந்தப் பள்ளங்களில் இறங்கி உறைந்துவிட்டதால் விரலால் தடவினாலும் எழுத்து பிடிபடவில்லை. ஒரு மாணவி நகத்தால் சுரண்டப் போனாள், நான் தடுத்தேன். சுரண்டினால் பெயின்டோடு கல்லின் மேல்தோலும் வந்துவிடும். அந்த மூன்று வரியில்தான் அவன் பெயர் இருக்கிறது. அந்தக் குடும்பத்தார் அன்போடுதான் பூசினார்கள், ஆனால் அவன் பெயரை மூடிவிட்டார்கள்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் ஊர் ஊராகச் சென்று, கல்லெழுத்தின் மேல் தாளை ஒற்றி மையிட்டு மைப்படி எடுத்து நூல்களாகப் பதிப்பித்திராவிட்டால், இப்படி மூடப்பட்ட பல பெயர்கள் நமக்குக் கிடைத்தே இருக்காது. அதுவும் பொதுப்பணத்தில் நடந்த வேலைதான்.

பாலக்கோடு முன்னாள் படைவீரர்

தணிக்கையாளர் ஐயா, அது யாருடைய போர் என்று கேட்டீர்கள். போரை முடிவு செய்தவன் லண்டனில் இருந்தான், மறுக்கவில்லை. செத்தவன் எங்கள் ஊர்க்காரன். அவன் அம்மா இந்தச் சாவடித் திண்ணையில்தான் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆட்சி செய்த வெள்ளைக்காரன் வைத்த கல் என்பதற்காக அந்த ஆளையும் அவனிடமே விட்டுவிடலாமா?

அவனிடம் விட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். போர்க் கல்லறைகள் ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ வேறு எந்த வகையிலோ நினைவுகூரப்படாமலே போயிருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எங்கள் சாவடிக் கல்லும் அதே வகைதான், எண் இருக்கிறது, பெயர் இல்லை. அந்த எண்ணும் இப்போது பசைக்கு அடியில். இதை நாம் துடைக்காவிட்டால் வேறு யார் துடைப்பார்கள்?

கிருஷ்ணகிரி தணிக்கையாளர்

ஐயா, என் கேள்வியின் தொனி உங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்தருளுங்கள். செத்தவர் நம்மவர் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய நந்தம்பாக்கமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. அந்தத் தோட்டம் 1952இல் ஏன் அமைக்கப்பட்டது? தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல இடுகாடுகளில் சிதறிக் கிடந்த கல்லறைகளை நிலையாகப் பராமரிக்க முடியாது என்று ஆணையம் முடிவு செய்து, அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போர்க் காலத்தவர்களுக்கு அதுவும் இல்லை. நாட்டின் பல இடுகாடுகளில் கிடக்கும் 1,000க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகளைப் பராமரிக்க இயலாது என்பதால், அதே தோட்டத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி அவர்களின் பெயர்களைப் பொறித்துவிட்டார்கள். 6 அரசுகளின் பணமும், தனக்கென்று தோட்டக்காரர்களும், 1917 முதல் தொடரும் அமைப்பும் உள்ள ஓர் ஆணையமே, சிதறிக் கிடப்பதைப் பராமரிக்க முடியாது என்று கைவிரித்த இடத்தில், ஆண்டுக்கொரு முறை மானியத்தை எதிர்பார்த்து நிற்கும் ஊராட்சி என்ன செய்துவிடும்?

அதனால் நேர்மையான வழி, எல்லாக் கற்களையும் படமெடுத்து, மைப்படி எடுத்து, பெயர்களைத் தொகுத்து நிலையான பதிவேடு ஒன்றை உருவாக்குவது. அது ஒருமுறைச் செலவு, தணிக்கைக்கு உட்பட்டது, முடிவும் உண்டு. அதன் பிறகு கல் வெயிலில் கிடந்து தேய்ந்தாலும் பெயர் நிற்கும்.

ஓசூர் பொறியாளர்

அரசிடம் கொடுக்கக் கூடாது என்பதற்கு அரூர் அண்ணன் சொன்னதைவிடக் கடுமையான காரணம் ஒன்று இருக்கிறது. பராமரிக்கும் கை இடிக்கவும் கூடும். இலங்கையில் யாழ்ப்பாணம் கோப்பாயில், போரில் இறந்த விடுதலைப் புலிகளைப் புதைத்த துயிலுமில்லம் இடிக்கப்பட்டு, அந்த இடத்திலேயே 2011இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. அந்தப் போரைப் பற்றி யார் என்ன கருத்துக் கொண்டிருந்தாலும், பிள்ளையைப் புதைத்த இடத்தில் தாய் விளக்கேற்ற முடியாமல் போனது உண்மை. எந்த இறந்தவரை நினைக்கலாம், எவரை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரமும் பணத்தோடு சேர்ந்தே வரும்.

ஜெர்மனியில் 1919இல் மக்கள் தாமாகத் தொடங்கிய சங்கம் ஒன்று, வெளிநாடுகளில் உள்ள ஜெர்மானியப் போர்க் கல்லறைகளை இன்றும் பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் பராமரிக்கிறது. பள்ளி மாணவர்கள் விடுமுறையில் சென்று வேலை செய்கிறார்கள். நம் ஊர்களிலும் அப்படிச் செய்யலாம்.

பாலக்கோடு முன்னாள் படைவீரர்

பொறியாளர் தம்பி, நீங்கள் சொன்ன கொடுமையை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு எதிரான நெறியும் அரசுகள் ஒப்புக்கொண்டு எழுதியதுதான். 1949ஆம் ஆண்டு முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, போரில் இறந்தவர்களின் கல்லறைகளை மதிக்க வேண்டும், முறையாகப் பராமரிக்க வேண்டும், எப்போதும் கண்டறியும்படி அடையாளமிட வேண்டும் என்கிறது. எதிரியின் கல்லறைக்கும் அது பொருந்தும். கடமையை மீறியவர் உண்டு என்பதால் கடமையையே நீக்கிவிடச் சொல்ல முடியாது. நன்கொடையும் நல்லதுதான். ஆனால் யாருக்குச் சொந்தக்காரர் இருக்கிறாரோ அவர் கல்லுக்குத்தான் நன்கொடை வரும். சொந்தபந்தம் அற்றுப்போனவனுக்கு ஊர்தான் சொந்தம்.

ஊத்தங்கரை தமிழாசிரியை

பதிவேடு வேண்டும் என்பதில் தணிக்கையாளர் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். கல் தேய்ந்தால் தேயட்டும் என்ற இடத்தில்தான் பிரிகிறேன். நந்தம்பாக்கத்துக் கல்லறையை இடம் மாற்றலாம், ஏனெனில் அங்கே கிடப்பவர்களின் ஊர் எங்கோ இருக்கிறது. தொறு மீட்டவன் பட்ட இடம் அந்த மேடுதான், அவன் மீட்ட ஊர் அதன் கீழே இருக்கும் ஊர்தான். கல்லை எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்தில் பாதி போய்விடும்.

செலவு பெரிது என்று அஞ்சுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கென நம் மாநிலத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்தத் திட்டத்தில் இந்த வேலையைச் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை, கூலியின் அளவுக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல்லுக்கு மாதம் இரண்டு நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 24 நாள், 8,064 ரூபாய். புல் செதுக்குவது, மழைநீர் கல்லடியில் தேங்காமல் வாய்க்கால் இழுப்பது, மேலே சாய்ந்து வளரும் ஆல், அரசு, வேம்புக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குவது, சுவரொட்டி ஒட்ட விடாமல் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. நடுகல்லைக் கெடுப்பவை பெரும்பாலும் வேரும் தேங்கிய நீரும் பெயின்டும்தான். இவற்றுக்குப் பொறியாளரும் வேண்டாம், கிரானைட் தளமும் வேண்டாம். பணம் அதிகமாக வந்தால்தான் எனக்குப் பயம். மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சுவர்களில் எழுத்தைத் தேய்த்ததைப் பார்த்திருக்கிறோம்.

பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது, மீதி 40 விழுக்காடு அந்தந்த ஊரின் தேவைக்கு விடப்பட்டது. இத்தகைய கட்டற்ற நிதியிலிருந்து 8,000 ரூபாயைக் கிராம சபைத் தீர்மானத்தின் மூலம் ஒதுக்க முடியாதா என்பதே என் கேள்வி.

கிருஷ்ணகிரி தணிக்கையாளர்

சாவடிக் கல்லுக்கு ஒதுக்கலாம். வேடியப்பனுக்கு ஒதுக்கினால் நானே தணிக்கைத் தடை எழுதியிருப்பேன். காரணம் வெறும் விதிப்பிடிவாதம் அன்று. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்க்கவோ பராமரிக்கவோ செலவிடப்படும் வரியைச் செலுத்துமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பொங்கல் வைத்துக் கிடா வெட்டும் இடத்தை நினைவுச் சின்னம் என்று சொல்லி ஊராட்சிப் பணம் செலவிட்டால், நாளை ஒவ்வொரு தெருக்கோயிலும் நினைவுச் சின்னம் ஆகிவிடும்.

அரூர் உழவர்

பணம் வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். தணிக்கையாளர் ஐயாவும் நானும் வேறு வேறு வழியாக வந்து ஒரே இடத்தில் நிற்கிறோம்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியை அம்மா பெயின்டைப் பற்றி எழுதியதைப் படித்த அன்று மாலை மேட்டுக்குப் போனேன். எங்கள் கல்லிலும் பெயின்ட் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது பெரியப்பா அடித்தது. தலைக்கு மேலே எழுத்து இருக்கிறதா என்று எனக்கு இதுவரை தெரியாது, யாரும் பார்த்ததில்லை. செல்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, மேல் விளிம்பில் கோடு கோடாக நிழல் விழுந்தது. எழுத்துதானா என்று தெரியவில்லை. எங்கள் சாமிக்கு ஒரு பெயர் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. பூட்டு வேண்டாம், பலகை வேண்டாம், கல்லை நகர்த்தக் கூடாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் வந்து பெயின்டை எடுத்துப் படித்துச் சொல்வதற்குப் பணம் தேவைப்படுமானால், அதைப் பங்காளிகளிடம் கேட்பதா, அரசிடம் கேட்பதா என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

ஊத்தங்கரை தமிழாசிரியை

அண்ணா, நீங்கள் வேறு எதையும் செய்ய வேண்டாம். தின்னர் ஊற்றாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். பக்க வெளிச்சத்தில் நான்கைந்து படங்கள் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களை அழைத்து வருகிறேன்.

27ஆம் பிரிவுக்கு என் விடையும் இதுதான். பூசைக்கும் படையலுக்கும் கூரைக்கும் குடும்பமே செலவு செய்யட்டும், இதுவரை செய்ததைப் போல. எழுத்தைக் காப்பதும் படிப்பதும் வரலாற்றுக்கான செலவு. நம் பண்பாட்டு மரபைப் போற்றிக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51-அ பிரிவும் சொல்கிறது. ஒரே கல்லில் இரண்டு செலவையும் பிரித்து எழுத முடியாதா, ஐயா? நீங்கள் சொல்லிக்கொடுத்தால் ஊராட்சிச் செயலர் எழுதிவிடுவார்.

பாலக்கோடு முன்னாள் படைவீரர்

நேற்றுக் காலை நானும் ஊர் இளைஞர்கள் மூவரும் சாவடிக்குச் சென்றோம். ஆசிரியை சொன்னபடியே கம்பித் தூரிகையும் தின்னரும் தொடவில்லை. பழைய பருத்தி வேட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தோம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பசை தோல் போல உரிந்து வந்தது. ஏழெட்டுச் சுவரொட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த எண் இருந்தது. ஒற்றை இலக்கம்தான். பையன்களில் ஒருவன் அதைக் கண்டதும், இவ்வளவு பேர்தானா என்று கேட்டான். மற்றவன், நம் தெருவில் இவ்வளவு பேர் போயிருந்தால் என்று சொல்லிவிட்டு மேலே பேசவில்லை.

மாலையில் ஆணையத்தின் இணையப் பதிவேட்டைத் தேடத் தொடங்கினோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அப்போது நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்ததால் சேலம் என்று தேட வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். பல இந்திய வீரர்களின் பதிவுகளில் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் என்ற குறிப்பு உண்டு. ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், வாய்விட்டுப் படித்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடுகிறது. எங்கள் ஊருக்கு ஒத்துவரும் பதிவுகளைத் தனியே எழுதி வைத்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலையும் முதியவர்களின் நினைவையும் வைத்துச் சரிபார்த்த பிறகே சொல்வேன். நவம்பர் 1 கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் கொடுக்கப் போகிறேன். பெயர்கள் உறுதியானால் பழைய கல்லைத் தொடாமல் அதன் கீழே தமிழில் சிறு கல் ஒன்று பதிப்பது, அதன் செலவை நாங்களே ஏற்கிறோம். ஆண்டுப் பராமரிப்புக்கு ஆசிரியை சொன்ன 8,064 ரூபாயை ஊராட்சி ஒதுக்குவது.

கிருஷ்ணகிரி தணிக்கையாளர்

தீர்மானத்தின் நகலைக் கொடுப்பதற்கு முன்பு எனக்கு அனுப்புங்கள் ஐயா. 'நினைவுச் சின்னப் பராமரிப்பு' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தச் சுவர், எந்தக் கல், என்ன வேலை, மாதம் எத்தனை நாள், யார் செய்தார் என்று கையொப்பமிடும் சிறு பதிவேடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய படம், இவற்றைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். அடுத்து வரும் தலைவர் மாற்ற நினைத்தாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும். வேடியப்பன் கல்லுக்கு எழுத்தையும் பூசையையும் பிரித்து எழுதும் வழியை யோசிக்கிறேன். எனக்கு இன்னும் உடன்பாடில்லை, ஆனால் யோசிக்கிறேன்.

கொடிநாள் நிதியைத் தொடக் கூடாது என்ற என் நிலைப்பாடு அப்படியே இருக்கிறது. அதே கிராம சபையில், உங்கள் ஊரில் இப்போது உயிரோடு இருக்கும் படைவீரர் குடும்பங்களில் யாருக்கு என்ன நிலுவை என்ற பட்டியலையும் மூன்றாவது தீர்மானமாக வையுங்கள். தாள்களை அடுக்கிக் கொடுக்க நான் வருகிறேன்.

பாலக்கோடு முன்னாள் படைவீரர்

வைக்கிறேன் ஐயா. பாலக்கோடு பேருந்து நிலையத்தில் இறங்கித் தொலைபேசி செய்யுங்கள், பையன் வண்டியோடு வந்து நிற்பான்.